கரன்ட் தையல் மெசின் வாங்கப் போறீங்களா? வாங்கும் முன் ஒரு நிமிஷம்



தீபாவளி முற்பணம் கைக்கு வந்தாலும், சேமலாப நிதிக் காசு வந்தாலும், வெளிநாட்டுக்குப் போன மகள் கொஞ்சம் பணம் அனுப்பினாலும் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "ஐயா, பட்டனை அமுக்கினா தைக்குதாமே, அந்த புது மெசின், அது ஒண்ணு வாங்கலாமா?" பதுளை டவுனில் கடைக் கண்ணாடிக்குள் வெள்ளை நிறத்தில் பளபளவென்று இருக்கும் இந்த மெசின்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் கேள்வி இது.

முன்பெல்லாம் நான் யோசிக்காமல் "தாராளமா வாங்குங்க" என்று சொல்லிவிடுவேன். இப்போது அப்படிச் சொல்வதில்லை. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய மகள் தையல் வகுப்புக்குப் போய்ப் பழகியவள். அந்த அம்மாவுக்குச் சேமலாப நிதிக் காசு வந்த நேரம் என்னிடம் வந்து கேட்டார். நானும் சந்தோஷமாக, "மகளுக்கு நல்ல எலெக்ட்ரோனிக் மெசினா ஒண்ணு வாங்கிக் கொடுங்கம்மா, லயத்திலேயே இருந்து சம்பாதிக்கட்டும்" என்று சொன்னேன். தீபாவளிக்கு முன் வாங்கினார்கள். கடையிலேயே ஆகக் குறைந்த விலையில் இருந்த எலெக்ட்ரோனிக் மெசின் அது.

தீபாவளிக்குச் சட்டையும் பாவாடையும் நன்றாகத் தைத்துக் கொடுத்தாள் அந்தப் பிள்ளை. லயம் முழுக்க நல்ல பேர். அடுத்து பாடசாலைச் சீருடைத் துணி வந்தது. பக்கத்து லயங்களிலிருந்தும் கொண்டுவந்து கொடுத்தார்கள். 22 பிள்ளைகளின் துணி காம்பராவில் அடுக்கியிருக்கும்போது மெசின் நின்றுவிட்டது. விளக்கு எரிகிறது, மோட்டர் 'ஊம்' என்று சத்தம் போடுகிறது, ஊசி இறங்கவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "இங்க செய்ய ஏலாது, கொழும்புக்கு அனுப்பணும்" என்றார்கள். புது வகுப்பு தொடங்க நாள் நெருங்குகிறது. துணி கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். கடைசியில் அந்த அம்மா மிச்சமிருந்த சேமலாபக் காசிலேயே டவுனில் டெயிலரிடம் கூலி கொடுத்து, 22 பேருக்கும் தைத்துக் கொடுத்தார்.

என்னைக் கண்டபோது அவர் கோபப்படவில்லை. "நீங்க சொல்லித்தானே ஐயா வாங்குனோம்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் இந்த மெசின்களைப் பற்றி விசாரித்து, பழுது பார்க்கிறவர்களிடம் உட்கார்ந்து கேட்டு, கொஞ்சம் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

மெசின் வந்த கதை

தையல் மெசின் நமக்குப் புதிது இல்லை. மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல், இரண்டும் துணிக்குள் பூட்டிக்கொள்ளும் தையலுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் என்பவர் 1846-ல் காப்புரிமை பெற்றார். 1851-ல் ஐசக் சிங்கர் தன்னுடைய மெசினுக்குக் காப்புரிமை பெற்றார். சாதாரண குடும்பங்கள் மொத்தக் காசு கொடுத்து வாங்க முடியாது என்று கண்ட அந்தக் கம்பெனி, 1856 அளவிலேயே தவணைக்கு விற்கத் தொடங்கிவிட்டது. இன்றைக்குக் கடைகளில் சொல்லும் 'ஈஸி பேமென்ட்' அங்கிருந்து வந்த வழக்கம்தான்.

இலங்கைக்கு சிங்கர் மெசின் 1877-ல் வந்தது. பதுளைக்கு ரயில் வந்ததே 1924-ல்தான். அதற்கு 47 வருஷம் முந்தியே தையல் மெசின் நாட்டுக்குள் வந்துவிட்டது. மெசின்களே வேண்டாம் என்று பேசிய காந்தியடிகள்கூட 1924-ல், தையல் மெசினை மட்டும் பயனுள்ள பொருள் என்று விலக்கி வைத்தார். மனிதனுடைய கஷ்டத்தைக் குறைக்கிற மெசின் அது என்பது அவர் நினைப்பு.

எலெக்ட்ரோனிக் மெசின் 1975-ல் சிங்கர் கம்பெனியிடமிருந்து வந்தது. அப்போது அது பணக்காரர் வீட்டுப் பொருள். பிறகு விலை இறங்கி இறங்கி, இன்றைக்கு நம்முடைய ஆட்களும் வாங்கலாம் என்ற அளவுக்கு வந்திருக்கிறது. ஆனால் விலையை இறக்குவதற்கு எதையாவது குறைத்துத்தான் ஆக வேண்டும். எதைக் குறைத்தார்கள் என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கடையில் இருப்பது நாலு வகை

முதலாவது, காலால் மிதிக்கிற அல்லது கையால் சுற்றுகிற கறுப்பு மெசின். உள்ளே எல்லாம் இரும்பு. நேர்த் தையல் ஒன்றுதான் போடும். கரன்ட் வேண்டாம். எண்ணெய் விட்டுக்கொண்டே இருந்தால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் ஓடும்.

இரண்டாவது, சாதாரண கரன்ட் மெசின். மோட்டர் சுற்றுகிறது, ஆனால் தையலைத் திருகு பிடியால் மாற்ற வேண்டும். உள்ளே போர்ட் கிடையாது.

மூன்றாவதுதான் எலெக்ட்ரோனிக் மெசின். இதற்குள் ரேடியோவில் இருப்பது போல ஒரு போர்ட் இருக்கிறது. வேகம், தையலின் அகலம், நீளம், ஊசி நிற்கும் இடம் எல்லாவற்றையும் அந்தப் போர்ட்தான் சொல்லிக் கொடுக்கிறது.

நாலாவது, பெட்டிக்கடை வரைக்கும் வந்துவிட்ட குட்டி மெசின். நாலு பற்றரியில் அல்லது 6 வோல்ட் அடாப்டரில் ஓடும். இதையும் சிலர் 'எலெக்ட்ரோனிக் மெசின்' என்றே சொல்லி விற்கிறார்கள். இது கிழிந்த தலையணை உறைக்கும் பொம்மைச் சட்டைக்கும் சரி. இதை நம்பித் தொழில் தொடங்காதீர்கள். விலை மிகக் குறைவு என்று யாராவது சொன்னால், முதலில் இந்த வகையா என்று பாருங்கள்.

இதில் இருக்கிற நன்மைகள்

குறையை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. எலெக்ட்ரோனிக் மெசினில் நல்ல விஷயங்கள் நிறைய உண்டு.

வேகத்தை ஒரு பிடியால் 'மெதுவாக' என்று வைத்துவிட்டால், எவ்வளவு அமுக்கினாலும் மெதுவாகத்தான் ஓடும். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. சிலதில் காலால் மிதிக்காமல் பட்டனை அமுக்கியே தைக்கலாம். மலையில் ஏறி இறங்கி முழங்கால் போன அம்மாமாருக்கும், காலில் குறை உள்ளவர்களுக்கும் இது வரப்பிரசாதம்.

பொத்தான் துளையை ஒரே ஓட்டத்தில் போட்டுவிடும். கையால் ஒரு சட்டைக்கு ஏழு துளை போடும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். சிக்சேக் தையல் இருப்பதால் துணி ஓரம் பிரியாமல் அடித்துக்கொள்ளலாம், ஓவர்லொக் கடைக்கு ஓட வேண்டியதில்லை. ஊசியில் நூல் கோர்க்க ஒரு சின்னக் கொக்கி இருக்கும். கண் மங்கியவர்களுக்கு நல்லது. விளக்கு ஊசி முனையிலேயே விழும். சத்தமும் குறைவு, பக்கத்துக் காம்பராவில் பிள்ளை தூங்கினாலும் தைக்கலாம்.

கரன்ட் செலவைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். பயப்படத் தேவையில்லை. வீட்டு மெசின் ஒன்று 70 வோட்ஸ் அளவுதான் இழுக்கும். அந்தக் கணக்கில் 14 மணித்தியாலம் விடாமல் ஓடினால்தான் ஒரு யூனிட். வெட்டுகிற நேரம், ஊசி குத்துகிற நேரம் எல்லாம் மோட்டர் ஓடுவதில்லை. உங்கள் கேத்தலும் அயர்ன் பொக்சும் இதைவிடப் பல மடங்கு தின்னும்.

தொல்லைகளும் அவற்றின் காரணமும்

1. கீழே நூல் பந்து பந்தாகச் சுற்றுவது

ஆகக் கூடுதலாகக் கேட்கும் முறைப்பாடு இதுதான். துணிக்குக் கீழே குருவிக்கூடு போல நூல் சிக்கிக்கொள்ளும். எல்லோரும் கீழே இருக்கும் பொபினைத்தான் திட்டுவார்கள். ஆனால் பெரும்பாலும் குற்றம் மேல் நூலில்தான் இருக்கும். மேல் நூலை மாட்டும்போது பாதத்தைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். பாதம் தூக்கியிருந்தால்தான் நூலை இறுக்குகிற தட்டு இரண்டும் திறக்கும், நூல் அதற்குள் போய் உட்காரும். பாதத்தை இறக்கிவிட்டு நூல் கோர்த்தால், நூல் தட்டுக்கு வெளியிலேயே நிற்கும். இறுக்கம் இல்லாத மேல் நூல் எல்லாம் கீழே இறங்கிச் சுருண்டுவிடும். ஆகவே இப்படி நடந்தால் முதலில் மேல் நூலைக் கழற்றி, பாதத்தைத் தூக்கி, திரும்ப மாட்டுங்கள். தொடங்கும்போது இரண்டு நூல் முனையையும் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் நாலைந்து தையலைப் போடுங்கள்.

2. தையல் விட்டு விட்டு விழுவது

இதற்கு முதல் காரணம் ஊசி. வீட்டு மெசின் ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பல மெசின்களில் அந்தத் தட்டைப் பக்கம் பின்னால் போக வேண்டும். உங்கள் மெசினுக்கு எந்தப் பக்கம் என்று புத்தகத்தில் பாருங்கள். ஊசி மேலே முட்டும்வரை ஏறியிருக்கவும் வேண்டும். கார்மென்ட் பெக்டரியில் வேலை செய்கிற பிள்ளைகள் அங்கே பாவிக்கும் ஊசியைக் கொண்டுவந்து போடுவதைப் பார்த்திருக்கிறேன். அது உருண்டைத் தலை ஊசி, இதற்குச் சேராது. நம்பரும் முக்கியம்: மெல்லிய துணிக்கு 11, சீருடைத் துணிக்கு 14, டெனிம் துணிக்கு 16. எட்டு மணித்தியாலம் அளவு தைத்ததும் ஊசியை மாற்றிவிட்டால் நல்லது. ஒரு ஊசி மிச்சம் பிடிக்கப் போய் ஒரு துணியைக் கெடுக்க வேண்டாம்.

3. பொபின் சேராதது

கறுப்பு மெசினின் பொபினும் புது மெசினின் பொபினும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தாலும் நூல் சிக்கும், கீழே இருக்கும் பிளாஸ்டிக் கேஸில் கீறல் விழும். மெசினோடு வந்த பொபினில் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், அதோடு ஒப்பிட்டுப் பார்த்து வாங்குங்கள்.

4. கனத்த துணியில் நின்றுவிடுவது

விலை குறைந்த மெசின்களில் எதைக் குறைத்தார்கள் என்றால், இதைத்தான். உள்ளே சுற்றுகிற பல்லுச் சக்கரங்கள் சிலது பிளாஸ்டிக். சட்டை, சீருடை, திரைச்சீலை இவற்றுக்கு அது போதும். படங்கு, சாக்கு, கொழுந்துப் பை, நாலு மடிப்பு டெனிம் இவற்றில் ஊசி முட்டி நிற்கும். அப்போது நாம் இன்னும் அழுத்தி மிதிக்கிறோம். பிளாஸ்டிக் பல் உடைகிறது, சுற்ற முடியாத மோட்டர் சூடேறுகிறது, போர்ட்டும் கெட்டுப்போகலாம். ஊசி முட்டினால் உடனே காலை எடுங்கள். வலக்கைப் பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே எடுங்கள்.

5. கரன்ட் ஏறி இறங்குவது

நம்முடைய நாட்டில் வீட்டுக்கு வரும் கரன்ட் 230 வோல்ட். ஆனால் பின்னேரம் எல்லாக் காம்பராவிலும் விளக்கு, டீ.வி., கேத்தல் என்று ஒரே நேரத்தில் போடும்போது லயத்தின் கடைசிக் காம்பராவில் வெளிச்சம் மங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கறுப்பு மெசினுக்கு இது ஒரு பொருட்டல்ல. போர்ட் உள்ள மெசினுக்கு ஆகாது. கரன்ட் போய்த் திரும்ப வரும் நேரம் இன்னும் ஆபத்து. அப்போது பிளக் கழற்றியிருக்க வேண்டும். 2022-ல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரன்ட் வெட்டிய காலத்தை மறந்துவிடாதீர்கள். அந்த நேரம் மிதி மெசின் வைத்திருந்தவர்கள் தைத்துக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொன்று: ஜப்பானிலிருந்து வரும் பழைய மெசின்கள் மலிவாகக் கிடைக்கின்றன. பொருள் நல்லதுதான். ஆனால் ஜப்பான் வீட்டுக் கரன்ட் 100 வோல்ட். அதை அப்படியே நம்முடைய பிளக்கில் குத்தினால் அன்றைக்கே கருகிவிடும். 230-ஐ 100 ஆகக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் சேர்த்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். மெசினுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்ட் எழுதியிருக்கும்.

6. பழுது பார்க்க ஆள் இல்லாதது

கறுப்பு மெசின் பழுதானால் டவுனில் எந்த டெயிலர் கடைக்குப் பக்கத்திலும் ஒரு பாஸ் இருப்பார், ஒரு மணித்தியாலத்தில் செய்து கொடுத்துவிடுவார். போர்ட் பழுதானால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. புது போர்ட்தான் போட வேண்டும். சில மெசின்களுக்கு அதன் விலை, மெசின் விலையில் பெரும்பகுதி ஆகிவிடும். பெயர் தெரியாத கம்பெனி மெசினுக்கு போர்ட் கிடைக்காமலே போகலாம்.

அந்த அம்மாவின் மெசினுக்கு என்ன நடந்தது?

மெசின் ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கரண்டி காலம் முடியவில்லை, ஆனாலும் காசு கேட்டார்கள். காரணம், கரண்டி அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது: வீட்டுப் பாவனைக்கு மட்டும். தொழிலுக்குப் பாவித்தால் கரண்டி இல்லை. அந்த வரியை வாங்கும்போது கடையில் யாரும் வாசித்துக் காட்டவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை.

மகளிடம் விசாரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. சீருடைகளுக்கு நடுவே, பக்கத்து லயத்து அக்காமாருக்குப் படங்கு ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்திருக்கிறாள். "எல்லாத் துணியும் தைக்கும்னு தானே கடையில சொன்னாங்க" என்றாள். அவள் மேலும் குற்றம் சொல்ல முடியாது. மூன்று பல் உடைந்திருந்தது; போர்ட்டும் மாற்றியிருந்தார்கள்.

இப்போது அந்த வீட்டில் இரண்டு மெசின் இருக்கிறது. யாரோ விற்ற பழைய கறுப்பு மிதி மெசின் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். நேர்த் தையல், கனத்த துணி எல்லாம் அதில். பொத்தான் துளையும் ஓரம் அடிப்பதும் மட்டும் எலெக்ட்ரோனிக் மெசினில். வேலை ஒழுங்காக நடக்கிறது. அந்தச் சேமலாபக் காசில் போனது போனதுதான். மற்றவர்களுக்கும் அப்படிப் போகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தவணைக் கணக்கு பாருங்கள்

ஒரு உதாரணம் சொல்கிறேன். கைக்காசு விலை 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். தவணைக்கு என்றால் முதலில் 10,000, பிறகு மாதம் 3,500 வீதம் 12 மாதம். 12 மாதத்துக்கு 42,000. முதலில் கட்டிய 10,000-ஐயும் சேர்த்தால் 52,000. நாம் கடன் பட்டது 30,000 தான், அதற்கு மேலதிகமாகக் கட்டுவது 12,000. கொஞ்சம் கொஞ்சமாகக் கடனைக் கட்டிக்கொண்டே வந்தும் இவ்வளவு வட்டி.

இதை நாட்சம்பளத்தில் பாருங்கள். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 12,000 ரூபா என்பது ஏறக்குறைய ஒன்பது நாள் முழுப்பேர். ஒன்பது நாள் மழையில் நனைந்து கொழுந்து எடுத்த காசு வட்டிக்குப் போகிறது. உங்கள் இன்றைய சம்பளத்தையும் கடையில் சொல்லும் உண்மை விலையையும் போட்டு, கையெழுத்து வைக்கும் முன் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

மற்றப் பக்கமும் எழுதுங்கள். ஒரு சீருடைக்கு உங்கள் லயத்தில் என்ன கூலி கொடுப்பார்கள்? நூல், ஊசி, பொத்தான் செலவு போக மிச்சம் 400 ரூபா என்றால், 52,000 ரூபா திரும்பி வர 130 உடுப்புத் தைக்க வேண்டும். உங்கள் டிவிஷனில் வருஷத்துக்கு அவ்வளவு வேலை வருமா? வரும் என்றால் துணிந்து வாங்குங்கள். வராது என்றால் இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வாங்கலாம், அல்லது பழைய மிதி மெசினில் தொடங்கலாம்.

கடையில் கேட்க வேண்டியவை

• உங்கள் வீட்டுத் துணியைக் கொண்டுபோங்கள். சீருடைத் துணி, டெனிம் துண்டு, மெல்லிய சேலைத் துண்டு. மூன்றையும் உங்கள் கையாலேயே அங்கே தைத்துப் பாருங்கள். கடைக்காரர் மாதிரிக்கு வைத்திருக்கும் துணியில் எந்த மெசினும் அழகாகத்தான் தைக்கும்.

• கூலிக்குத் தைத்தால் கரண்டி உண்டா? 'உண்டு' என்றால் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

• கரண்டி எதற்கு? மோட்டருக்கு மட்டுமா, போர்ட்டுக்குமா?

• பழுது பார்ப்பது பதுளையிலா, பண்டாரவளையிலா, கொழும்பிலா? எத்தனை நாள் ஆகும்? கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு யாருடையது?

• ஊசி, பொபின், பாதம் இங்கே தனியாக விற்கிறீர்களா?

• விளக்கப் புத்தகம் தமிழில் இருக்கிறதா? இல்லையென்றால், நூல் கோர்க்கும் முறையை இரண்டு தடவை காட்டித் தரச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறவர்.

• நூறு தையல் இருக்கிறது என்று சொன்னால் மயங்காதீர்கள். நம்முடைய தொழிலுக்கு வேண்டியது நேர்த் தையல், சிக்சேக், பொத்தான் துளை, இழுபடும் துணிக்கு ஒரு தையல். இந்த நாலும் நன்றாக விழுந்தால் போதும்.

பில் இல்லாமல் எதையும் தூக்கிக்கொண்டு வராதீர்கள். 2003-ம் ஆண்டின் 9-ம் இலக்கப் பாவனையாளர் சட்டப்படி, நாம் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். கரண்டி அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருக்க வேண்டும். கடையில் தீர்வு கிடைக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. முறையீடு எழுதத் தெரியாவிட்டால் உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் பில்லோடு போங்கள்.

காம்பராவில் பார்த்துக்கொள்ளும் விதம்

எண்ணெய்: தேங்காய் எண்ணெய் ஒருபோதும் விடாதீர்கள். அது நாள்பட்டால் பிசின் போல இறுகி, நூல் பஞ்சைச் சேர்த்துக்கொண்டு உள்ளே கட்டிப்போகும். எலெக்ட்ரோனிக் மெசினுக்குப் புத்தகத்தில் சொன்ன இடத்தில், தையல் மெசின் எண்ணெய் மட்டும். 'எண்ணெய் வேண்டாம்' என்று எழுதியிருந்தால் விடவே வேண்டாம்.

பஞ்சு: வாரத்துக்கு ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டு, ஊசித் தகட்டைத் திறந்து சின்னத் தூரிகையால் பஞ்சைக் கூட்டி எடுங்கள். வாயால் ஊதாதீர்கள்; எச்சில் ஈரம் உள்ளே போகும், பஞ்சும் இன்னும் உள்ளே போகும்.

ஈரம்: நம்முடைய பக்கம் ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும் மழையும் பனிமூட்டமும். மெசினை மண் தரையிலோ ஈரச் சுவரை ஒட்டியோ வைக்காதீர்கள். விறகு அடுப்புப் புகையும் சாம்பலும் படாத இடத்தில், துணி உறை போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டினால் உள்ளே வேர்த்துத் துரு பிடிக்கும்.

இடி: இடி மின்னல் தொடங்கினால் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள்.

வயர்: ஒரே மல்டி பிளக்கில் கேத்தல், அயர்ன், மெசின் எல்லாம் மாட்டாதீர்கள். ஈரக் கையோடும், வெறுங்காலோடு ஈரத் தரையிலும் நின்று பிளக் போடாதீர்கள். காம்பராவில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று தெரிந்த மின்சார வேலைக்காரரிடம் காட்டுங்கள். ஊசி மாற்றும்போதும் நூல் கோர்க்கும்போதும் காலை மிதியிலிருந்து எடுத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகள் தவழ்கிற வீட்டில் மிதியைத் தரையில் போட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போகாதீர்கள்.

முதலில் தொழில், பிறகு மெசின்

கடைசியாக ஒன்று. மெசின் வாங்கினால் தையல் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. வெட்டத் தெரியாதவருக்கு எந்த மெசினும் உதவாது. தொழிற் பயிற்சி அதிகார சபை போன்ற அரசாங்க நிலையங்களில் தையல் பயிற்சிக்கு என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்கும் பாடநெறிகள் நடக்கின்றன. பிள்ளையை முதலில் அங்கே அனுப்புங்கள். அங்கே பல விதமான மெசினில் உட்கார்ந்து பழகிய பிறகு எது நமக்குச் சரி என்று அவளே சொல்வாள்.

இப்போது யாராவது "ஐயா, வாங்கலாமா?" என்று கேட்டால் நான் மூன்று கேள்வி திருப்பிக் கேட்கிறேன். என்ன துணி தைக்கப் போறீங்க? மாசத்துக்கு எத்தனை உடுப்பு வரும்? பழுதானா எங்க கொண்டுபோவீங்க? மூன்றுக்கும் பதில் இருந்தால் வாங்குங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும், அடுத்த சம்பளம் வரைக்கும் பொறுத்திருங்கள். கடையில் மெசின் இருக்கும், எங்கேயும் ஓடிவிடாது. முப்பது வருஷம் மலையில் நின்று சேர்த்த காசு, ஒருமுறை போனால் திரும்பி வராது.

வாங்குவதற்கு முன் பில் மாதிரியையும் தவணைத் தாளையும் எடுத்துக்கொண்டு சம்பளத்துக்கு மறுநாள் பின்னேரம் ஒபிசுக்கு வாங்க. இரண்டு பேரும் உட்கார்ந்து சின்ன எழுத்தையும் சேர்த்து வாசிப்போம்.

— தோட்ட நலன்புரி உத்தியோகத்தர்